காளவாசலும் கண்ணாடித் தொட்டியும்

தூத்துக்குடியில் எங்கள் தாத்தா வீட்டுச் சுவரில் காரை உதிர்ந்த இடங்களில் கல் வெளியே தெரியும். கடலுக்குள்ளிருந்து பெயர்த்து எடுத்த கல். அதில் நட்சத்திரம் நட்சத்திரமாகச் சின்னச் சின்னக் குழிகள் இருக்கும். மத்தியானத்தில் திண்ணையில் படுத்துக்கொண்டு ஒவ்வொரு குழியிலும் சுண்டுவிரல் நகத்தை வைத்துப் பார்ப்பதுதான் என் விளையாட்டு. அந்தக் குழி ஒவ்வொன்றும் ஓர் உயிர் குடியிருந்த அறை என்று அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை.

போன வருடம் சிங்கப்பூரில் அக்கா மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்தில் நான்கடி நீளத்தில் ஒரு கடல்நீர்த் தொட்டி. இரவு விளக்கை அணைத்த பிறகு ஒரு சின்ன டார்ச்சைக் கையில் கொடுத்து, “கிட்டக்க வந்து பாருங்க மாமா” என்றான். உருண்டைக் கல் போலிருந்த ஒரு பவளத்தின் மேல் அதே நட்சத்திரங்கள். ஒவ்வொன்றிலிருந்தும் நூலிழை போன்ற கைகள் நீண்டு தண்ணீரைத் துழாவிக்கொண்டிருந்தன. எத்தனையோ வருடம் நான் நகத்தால் தட்டிய கதவை யாரோ உள்ளிருந்து திறந்தது போல இருந்தது.

பவளக்கல்லால் வீடு கட்டிய குடும்பம் எங்களுடையது. இன்று அதே குடும்பத்துப் பிள்ளை பவளத்துக்கு வீடு கட்டியிருக்கிறான். இந்த இரண்டு வீடுகளுக்கும் நடுவில் நாங்கள் கற்றுக்கொண்டதை எழுதி வைக்க வேண்டும் என்று அன்று இரவே தோன்றியது.

சுட்ட கல்

மன்னார் வளைகுடாக் கரையில் அன்று பவளப்பாறை என்றால் வீடு கட்டும் சாமான். வத்தையில் போய்க் கடப்பாரையால் பெயர்த்துக் கரையில் குவிப்பார்கள். நல்ல கல் சுவருக்கு, உடைந்தது காளவாசலுக்கு. 1964 புயலில் சிதைந்த தனுஷ்கோடி தேவாலயத்தின் சுவரை இன்று போய்ப் பார்த்தாலும் பவளத்தின் வரிகள் கல்லில் அச்சாகத் தெரியும்.

தாத்தா வைத்திருந்தது சிறிய சுண்ணாம்புக் காளவாசல். ஓர் அடுக்கு கல், ஓர் அடுக்கு விறகும் கரியும் என்று ஏற்றித் தீ மூட்டுவார். கல்லிலிருந்த கரியமில வாயு வெளியேறிப் போக, நீற்றாத சுண்ணாம்பு மிஞ்சும். அதன்மேல் தண்ணீர் தெளித்தால் சீறும், வெடிக்கும், ஆவி விடும், பிறகு பூப்போலப் பொடியாகும். ஊரில் பொங்கலுக்கு அடித்த வெள்ளை அதுதான். அதைத் தவறென்று யாரும் நினைக்கவில்லை. பத்துப் பேருக்கு அது பிழைப்பு.

1986-ல் 21 தீவுகளையும் சுற்றியிருந்த கடலையும் மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். 2001-ல், பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. புலிக்கு உள்ள பாதுகாப்பு பவளத்துக்கும் வந்தது. ஆனால் விலை ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. அந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் கடலுக்குள் அமிழ்ந்துவிட்டன. அலையைத் தடுத்து நின்ற பாறையை வெட்டினால் தீவு கரையும் என்பதைக் கடல் எங்களுக்கு இப்படித்தான் சொல்லிக் கொடுத்தது.

என் முதல் தொட்டி

1991-ல் நானும் ஒரு தொட்டி வைத்தேன். கண்ணாடிக் கடையில் சொல்லிச் செய்த மூன்றடித் தொட்டி, ஆங்கிள் அடித்த ஸ்டாண்ட். தொட்டிக்கடியில் துளை போட்ட பிளாஸ்டிக் தட்டு, அதன்மேல் இரண்டு அங்குலத்துக்குப் பொடிக்கல். மூலையில் ஒரு குழாயில் காற்றுக் குமிழி ஏறும். ஏறும்போது தண்ணீரையும் தூக்கிக்கொண்டு போகும். அந்த இடத்தை நிரப்பத் தொட்டித் தண்ணீர் கல் வழியாக வடிந்து இறங்கும். அன்று உலகம் முழுக்கப் பழக்கத்தில் இருந்த அமைப்புதான்.

கடல்தண்ணீரைச் சைக்கிளில் கேன் கட்டிக் கொண்டுவந்து, பழைய வேட்டியில் வடிகட்டி ஊற்றினேன். அழகுக்கு வெளுத்த பவளக் கிளைகளை வாங்கி அடுக்கினேன். தெரிந்த வலைக்காரர் ஒருவர் ஐந்து வண்ணமீன்களைப் பிடித்துத் தந்தார். நான்காம் நாள் காலையில் மூன்று மீன்கள் மேலே மிதந்தன. ஆறாம் நாள் தொட்டி காலி.

காரணம் தெரிய எனக்குப் பல வருடம் ஆனது. மீன் வெளியேற்றும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் கல்லிலும் மணலிலும் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் வேண்டும். அதுவரை மீன் விடக்கூடாது. நான் ஒரு நாள்கூடக் காத்திருக்கவில்லை. கடலின் பொருள்களையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்த எனக்குக் கடல் செய்யும் வேலை என்னவென்று தெரியாமல் போய்விட்டது.

ஜகார்த்தாவிலிருந்து பெர்லினுக்கு

அந்த வேலையைக் கண்டுகொண்டவர் ஒருவர் எனக்கு 30 வருடம் முன்பே இருந்தார். இந்தோனேசியாவின் ஜகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங், 1961-ல் ஓர் அமெரிக்க மீன் வளர்ப்பு இதழில் தன் முறையை எழுதினார். உயிருள்ள பாறைத் துண்டுகள், நல்ல கடல்நீர், வெளிச்சம், மெல்லிய காற்றுக்குமிழி, வேறெதுவும் இல்லை. பாறையின் துளைகளில் வாழும் உயிர்களே தண்ணீரைத் தூய்மை செய்தன. கடலோரத்தில் இருந்தவருக்கு அது கைகூடியது. தொலைதூர நாடுகளில் கப்பலேறி வந்த பாறை பாதி செத்து நாறியதால் அவர் வழி அன்று பரவவில்லை.

பிறகு ஜெர்மனியில், குறிப்பாக பெர்லினில், ஆர்வலர்கள் அதே எண்ணத்தை மீண்டும் கையில் எடுத்தார்கள். உயிர்ப்பாறையோடு புரோட்டீன் ஸ்கிம்மரைச் சேர்த்தார்கள். கடல் கரையில் நுரை ஒதுங்குமே, அதே காரியத்தை ஒரு குழலுக்குள் செய்யும் கருவி அது. நுண்குமிழிகளில் ஒட்டும் அழுக்கை நுரையாக்கி வெளியே தள்ளும். மேலே பலத்த உலோக ஹாலைடு விளக்கு. ஏனென்றால் பாறை கட்டும் பவளங்களின் திசுவுக்குள் ஒற்றைச் செல் பாசி வாழ்கிறது. அது வெயிலில் சமைத்துத் தருவதைத்தான் பவளம் பெரும்பாலும் உண்கிறது.

அவர்களில் டீட்ரிச் ஸ்ட்யூபர் என்பவர் 1980-களில் ஒரு கிளைப் பவளத்தைத் தொட்டியிலேயே வளர்த்து, கிளை கிளையாக ஒடித்து நண்பர்களுக்குக் கொடுத்தார். முருங்கைக் கொம்பை ஒடித்து நடுவது போலத்தான். ஒரு தாய்ப் பவளத்தின் பிள்ளைகள் ஊர் ஊராகப் போயின. கடலைத் தொடாமலேயே பவளம் பெருகலாம் என்று தெரிந்தது அப்போதுதான்.

கடல் என்பது ஓட்டம்

மருமகன் தொட்டியைக் காட்டும்போது முதலில் அதன் அடியில் இருந்த கதவைத் திறந்தான். “மேல தெரியிறது பாதிதான் மாமா. மீதி இங்க இருக்கு.”

நான்கடிக்கு இரண்டடிக்கு இரண்டடித் தொட்டி என்றால் தண்ணீர் மட்டும் 450 லிட்டர், அரை டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. அதனால் ஸ்டாண்டைச் சுமை தாங்கும் சுவரை ஒட்டி நிறுத்தியிருந்தான். தொட்டியின் பின்கண்ணாடியில் மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே ஒரு சின்னப் பெட்டி. தண்ணீர் அதன் விளிம்பைத் தாண்டி மெல்லிய தகடாக வழிகிறது. மேற்பரப்பில் படியும் எண்ணெய்ப் பிசுக்கும் அதோடு போய்விடுகிறது. அந்தப் பெட்டியிலிருந்து டேங்க் நிப்பிள் போட்டு மூன்று பி.வி.சி. குழாய்கள் கீழே இறங்குகின்றன. போய்ச் சேரும் இடம் சம்ப் எனப்படும் இரண்டாவது தொட்டி.

மூன்று குழாய் எதற்கு என்று கேட்டேன். தண்ணீரும் காற்றும் ஒரே குழாயில் சேர்ந்து இறங்கினால் ராத்திரி முழுக்க களக் களக்கென்று சத்தம். ஆகவே முதல் குழாயில் ஒரு கேட் வால்வு வைத்து, காற்றே புகாதபடி திருகி அடக்குகிறார்கள். குழாய் நிறையத் தண்ணீர் சத்தமில்லாமல் இறங்கும். அது கொள்ளாத சிறு ஓட்டம் இரண்டாவது குழாயின் சுவரோரமாக வழிந்து போகும். மூன்றாவது எப்போதும் காய்ந்தே கிடக்கும். ஒரு நத்தை போய் முதல் குழாயை அடைத்துக்கொண்டால், கூடத்தில் வெள்ளம் வராமல் காப்பது அந்த வறண்ட குழாய்தான். மூன்று வருடமாக அதற்கு வேலை வரவில்லையாம். ஆனாலும் மாதம் ஒருமுறை அதை வேண்டுமென்றே ஓடவிட்டுச் சோதிக்கிறான்.

சம்பில் முதல் அறையில் அழுக்கு பிடிக்கும் பஞ்சு உறை, இரண்டாவதில் ஸ்கிம்மர், மூன்றாவதில் மோட்டார். மோட்டார் தண்ணீரை மறுபடி மேலே தள்ளுகிறது. ஒவ்வொரு கருவிக்கும் முன்னும் பின்னும் யூனியன். கழற்றிக் கழுவிவிட்டுத் திரும்ப மாட்டலாம். சொல்யூஷன் தடவி ஒட்டியபின் ஒரு நாள் காயவிட்டு, முதலில் நல்ல தண்ணீரை நிரப்பி, ஒவ்வொரு இணைப்பின் கீழும் டிஷ்யூ பேப்பர் வைத்துக் கசிவு பார்த்திருக்கிறான். ஓர் எல்போவின் அடியில் பத்துப் பைசா அளவுக்கு ஈரம் தெரிந்ததாம். அந்தப் பகுதியை அறுத்தெடுத்துப் புதிதாகப் போட்டபிறகுதான் உப்பு கரைத்திருக்கிறான்.

“இப்ப மெயினை அணைக்கேன், பாருங்க.” மோட்டார் நின்றது. மேலிருந்து தண்ணீர் இறங்க, சம்பில் மட்டம் ஏறியது. ஏறி, விளிம்புக்கு நான்கு விரல் கீழே நின்றுவிட்டது. தண்ணீர் திரும்பும் குழாயில், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, ஒரு சிறு துளை இட்டிருக்கிறான். மட்டம் அதற்குக் கீழே இறங்கியதும் காற்று புகுந்து உறிஞ்சல் அறுந்துவிடும். கண்ணாடி ஓரமாக ஸ்கெட்ச் பேனாவில் ஒரு கோடு: இந்தக் கோட்டுக்கு மேல் சம்பை நிரப்பாதே. என் தொட்டியில் இல்லாமல் போனது இதுதான் என்று அப்போது புரிந்தது. கடல் ஒரு நிமிடம்கூட நிற்பதில்லை. அந்த ஓட்டத்தையும், அது நின்றுபோனால் என்ன ஆகும் என்ற யோசனையையும் சேர்த்துத்தான் குழாய் போட வேண்டும்.

கை மாறியவை

அன்று தண்ணீர் கேனில் வந்தது. இன்று ஆர்.ஓ. எடுத்து, மிச்சமிருக்கும் உப்பையும் நீக்கிய தண்ணீரில் கடலுப்புக் கலவையைக் கரைத்து, லிட்டருக்கு 35 கிராம் அளவில் இருக்கிறதா என்று மானியில் பார்க்கிறார்கள். அன்று வெப்பம் கக்கிய ஹாலைடு விளக்கு, இன்று எல்.ஈ.டி. அன்று வெயில் அடித்தால் தொட்டியும் கொதிக்கும். இன்று சில்லர் 26 பாகையில் நிறுத்துகிறது. மருமகன் வளர்க்கும் இரண்டு கோமாளி மீன்களும் பண்ணையில் குஞ்சு பொரித்தவை. எங்கள் பக்கத்து மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தாரும் கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்க வைத்திருக்கிறார்கள். மருமகன் தொட்டியில் உள்ள பவளங்கள் யாவும் மற்றவர் தொட்டியில் ஒடித்த கிளைகள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். இந்தத் தொட்டிகளுக்கு வரும் மீன் வகைகளில் பெரும்பாலானவை இன்றும் கடலில் பிடித்தவையே. சில்லரும் விளக்கும் தின்னும் மின்சாரம் கொஞ்சமல்ல. நம் நாட்டில் பாறை கட்டும் பவளத்தை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். நாங்கள் வெட்டியதைப் பார்த்தவன் என்பதால் அந்தச் சட்டத்தை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். அதே தூத்துக்குடியில், சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் ஒடிந்த பவளத் துண்டுகளைக் கடலடியில் சிமெண்ட் சட்டங்களில் கட்டி வளர்க்கிறார்கள். கரைந்துகொண்டிருந்த வான் தீவைக் காக்கச் செயற்கைப் பாறைகளைக் கடலில் இறக்கியிருக்கிறார்கள். பெர்லின்காரர் தொட்டியில் செய்த அதே ஒடித்து நடுதல்தான். ஆனால் 2010-லும் 2016-லும் கடல் சூடேறி மன்னார் வளைகுடாப் பவளங்கள் வெளுத்தபோது, அந்தக் கடலுக்குச் சில்லர் பூட்ட யாராலும் முடியவில்லை.

சுண்ணாம்புத் தண்ணீர்

கிளம்புவதற்கு முந்தைய இரவு மருமகன் ஒரு டப்பாவைத் திறந்தான். வெள்ளைப் பொடி. வாசனையிலேயே தெரிந்துவிட்டது. காளவாசலில் நான் பார்த்து வளர்ந்த சுண்ணாம்பு.

“இது எதுக்குடா?”

“சாப்பாடு மாமா. கல்லு வளரணும்ல?”

தொட்டியிலிருந்து தினம் ஆவியாகும் தண்ணீருக்கு ஈடாகச் சுண்ணாம்புத் தண்ணீரைச் சொட்டவிடுகிறான். லிட்டருக்கு ஏறத்தாழ ஒன்றரை கிராம்தான் கரையும். தெளிந்ததை மட்டும், அதுவும் இரவில், சொட்டுச் சொட்டாக விட வேண்டும். காரம் மிகுந்தது, ஒரேயடியாக ஊற்றினால் தொட்டியே அழியும். சொட்டு விழுந்ததும் அந்தச் சுண்ணாம்பு, தொட்டி நீரில் கரைந்திருக்கும் கரியமில வாயுவைப் பிடித்துக்கொள்கிறது. அதிலிருந்துதான் பவளம் தன் எலும்பைக் கட்டுகிறது. தாத்தாவின் காளவாசலில் கல்லை விட்டுப் பிரிந்த வாயு இங்கே திரும்பிக் கல்லோடு சேர்கிறது. தீயில் ஒரே இரவில் நடந்தது, இங்கே மாதக்கணக்கில் பின்னோக்கி நடக்கிறது.

கரண்டியை என்னிடம் கொடுத்தான். மட்டம் தட்டி ஒரு கரண்டி போட்டேன், கலக்கினேன், பால்போல் வெளுத்து, மெல்லத் தெளிந்தது. சொட்டுக்குழாயைத் திருகிவிட்டு இருவரும் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தோம். கிளைப் பவளத்தின் ஒவ்வொரு நுனியிலும் நகக்கண் அளவுக்கு வெள்ளை. நோய் என்று நினைத்துச் சுட்டிக் காட்டினேன்.

“இல்ல மாமா, அது புது வளர்ச்சி” என்றான். போன மாதம் அந்த இடத்தில் வெறும் தண்ணீர்தான் இருந்ததாம்.