பரவல் ஜாவாச் செயலிகளில் பகிர்வுப் பொருள்களும் வகுப்பு ஏற்றித் தேர்வும்

முன்னுரை

ஜாவா மெய்நிகர் இயந்திரத்தில் ஒரு வகுப்பின் அடையாளம் அதன் பெயரால் மட்டும் அமைவதன்று. பெயரும், அவ்வகுப்பை வரையறுத்த கிளாஸ்லோடர் எனப்படும் வகுப்பு ஏற்றியும் சேர்ந்தே அடையாளமாகின்றன. ஒரே பெயரை இரு ஏற்றிகள் வெவ்வேறு வகுப்புகளாகக் கொள்ளும்போது வகைப் பாதுகாப்பு குலையக்கூடும் என்பதை எடுத்துக்காட்டி, அதனைத் தடுக்கும் ஏற்றிக் கட்டுப்பாடுகளை ஷெங் லியாங், கிலாட் பிராச்சா ஆகியோர் 1998இல் விளக்கினர். எனினும் அக்கட்டுப்பாடுகள் ஓர் இயந்திரத்தின் எல்லைக்குட்பட்டவை. பொருள் வலையமைப்பைக் கடக்கும்போது பைட்டுத் தொடரில் வகுப்பின் பெயர் செல்கிறது, ஏற்றி செல்வதில்லை. பெறும் முனை எந்த ஏற்றியைக் கொண்டு அப்பெயரைத் தீர்ப்பது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

இயல்பு விதியும் அதன் குறையும்

ஆப்ஜெக்ட்இன்புட்ஸ்ட்ரீம், இழையின் அழைப்பு அடுக்கில் அண்மையிலுள்ள பயனர் வகுப்பின் ஏற்றியைத் தேர்கிறது. தனிச் செயலிக்கு இது போதுமானது. ஆனால் ஒரு வழங்கியில் தேக்கக நூலகம் பெற்றோர் ஏற்றியிலும், 'கட்டணச்சீட்டு' என்னும் வகுப்பு வலைச்செயலியின் சேய் ஏற்றியிலும் இருப்பதாகக் கொள்ளலாம். அயல்முனையிலிருந்து பைட்டுகளைப் பெறுவது நூலகத்தின் இழை. அதன் அடுக்கில் வலைச்செயலியின் சுவடே இல்லை. பெற்றோரால் சேயின் வகுப்பைக் காண இயலாமையால் 'கிளாஸ்நாட்ஃபவுண்ட்எக்செப்ஷன்' எழுகிறது.

இதற்குப் பலரும் செய்யும் உடனடித் தீர்வு, வகுப்புக் கோப்பைப் பெற்றோரின் கோப்புறையிலும் படியெடுத்து வைப்பதாகும். பிழை மறையும், அதனினும் குழப்பமான வேறொன்று தோன்றும். வலைச்செயலிகள் பொதுவாகத் தம் படியையே முதலில் தேடுபவை. எனவே 'கட்டணச்சீட்டைக் கட்டணச்சீட்டாக மாற்ற இயலாது' என்னும் பொருள்பட 'கிளாஸ்காஸ்ட்எக்செப்ஷன்' வெளிப்படும். பதிப்பு எண் முரண்பாட்டால் எழும் 'இன்வேலிட்கிளாஸ்எக்செப்ஷன்' இதனின் வேறானது; இரண்டையும் ஒன்றாகக் கருதித் தொடராக்கப் பதிப்பெண்ணை மாற்றுவது வீண்முயற்சி.

சூழல் ஏற்றி

ஜாவா 1.2 அறிமுகப்படுத்திய இழைச் சூழல் ஏற்றி அடுத்த வழி. ஆயினும் புதிய இழை தன்னைத் தோற்றுவித்த இழையின் சூழலையே மரபாகப் பெறுகிறது. இழைக்குழுவை முதலில் இயக்கிய செயலி எதுவோ அதன் ஏற்றியே ஏனைய செயலிகளின் பொருள்களுக்கும் வாய்த்துவிடக்கூடும். ஆகவே பணியின் தொடக்கத்தில் உரிய ஏற்றியை அமைத்து, 'ஃபைனலி' பகுதியில் பழையதை மீட்டமைத்தல் இன்றியமையாதது.

பைட்டுகளாகவே தேக்குதல்

இவற்றினும் உறுதியானது, பெறும் இழையில் பொருளை மீட்காமல் பைட்டுகளாகவே தேக்கி வைத்து, செயலி கேட்கும் தருணத்தில் அச்செயலியின் ஏற்றியை வெளிப்படையாக அளித்து மீட்பதாகும். 'ரிசால்வ்கிளாஸ்' முறையை மேலெழுதும்போது ஏற்றியின் 'லோட்கிளாஸ்' அணி வகுப்புகளின் பெயரைத் தீர்க்காது. ஏற்றியை ஏற்கும் 'கிளாஸ்.ஃபார்நேம்' தீர்க்கும். பதிலி வகுப்புகளுக்கு 'ரிசால்வ்பிராக்ஸிகிளாஸ்' முறையையும் மேலெழுத வேண்டும். இது பெரும்பாலும் மறக்கப்படுகிறது.

ஒவ்வொரு வாசிப்பிலும் மீட்கும் செலவு இவ்வழியின் விலை. மாறாக, உயிருள்ள பொருளாகத் தேக்கினால் அப்பொருள் தன் வகுப்பையும், வகுப்பு தன் ஏற்றியையும், ஏற்றி தான் ஏற்றிய எல்லா வகுப்புகளையும் பற்றி நிற்கும். செயலியை மறுநிறுவிய பின்னரும், பொதுத் தேக்ககத்தில் எஞ்சிய ஒரே பொருள் பழைய ஏற்றி முழுவதையும் மெட்டாஸ்பேஸ் நினைவகத்தில் நீங்காது நிறுத்திவிடும்.