கேஜிஎஃப் பக்கம் தூண்டில் போடப் போறீங்களா? முதல்ல ஏரியில தண்ணி இருக்கான்னு பாருங்க

பெங்களூருவில் வேலை. சனி, ஞாயிறு லீவு. ஆன்லைனில் வாங்கிய தூண்டில் பிரிக்காமல் கிடக்கிறது. கூகுள் மேப்பைத் திறந்தால், கோலார் மாவட்டம் முழுக்க நீல நிறத் திட்டுகள். கோலார் தங்க வயலில் சொந்தக்காரர் வீடும் இருக்கிறது. வேறென்ன வேணும், கிளம்ப வேண்டியதுதானே?

நானும் அப்படித்தான் ஒரு ஏப்ரல் மாதம் கிளம்பினேன். மேப்பில் நீலமாக இருந்த ஏரியில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஸ்டம்ப் நட்டிருந்த இடம், மேப்பின்படி ஏரியின் நடுப்பகுதி. மண்புழு டப்பாவை மூடி பையில் வைத்துவிட்டு, ஓரமாக உட்கார்ந்து இரண்டு ஓவர் பார்த்துவிட்டு வந்தேன்.

தப்பு மேப்பின் மேல் இல்லை. இந்தப் பக்கத்து ஆறும் ஏரியும் எப்படி வேலை செய்கின்றன என்று தெரியாமல் போனது என் தப்பு. தெரிந்துகொண்டு போனால் கேஜிஎஃப் சுற்றுவட்டாரம் நல்ல இடம்தான்.

ஓடாத ஆறு

கேஜிஎஃப் பாலைவனம் கிடையாது. கோலார் மாவட்டத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 700 முதல் 750 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஆனால் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து அதைப்போல் சுமார் இரண்டு மடங்கு ஆவியாகிவிடும். வரவை விட செலவு அதிகம். ஆண்டு முழுக்க ஓடும் ஆறு என்று மாவட்டத்தில் ஒன்றுகூட இல்லை.

இருப்பது பாலாறு. நந்தி மலைப் பகுதியில் பிறந்து, கர்நாடகத்தில் 93 கிலோமீட்டர், ஆந்திராவில் 33 கிலோமீட்டர், தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டர் என்று போகிறது. நந்தியில் பிறந்த ஆறு பூமிக்கு அடியிலேயே ஓடி, கேஜிஎஃப்புக்கு அருகே பேத்தமங்கலத்தில்தான் வெளியே தலைகாட்டுகிறது என்று ஊரில் சொல்வார்கள். கேட்க அழகாக இருக்கிறது. உண்மையில் நடப்பது வேறு. வழியில் இருக்கும் ஏரிகள் ஒன்றன்பின் ஒன்றாக தண்ணீரைப் பிடித்துக்கொள்கின்றன. மேல் ஏரி நிரம்பி வழிந்தால்தான் கீழ் ஏரிக்குத் தண்ணீர். வழிகிற அந்த இடத்தை நாம் கலிங்கு என்போம், கன்னடத்தில் கோடி. சங்கிலியில் எந்தக் கண்ணி நிரம்பவில்லையோ, அதற்குக் கீழே ஆறு வெறும் மணல்.

பேத்தமங்கலம் ஏரிக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1900களின் தொடக்கத்தில் தங்கச் சுரங்கங்களுக்கும் சுரங்கக் குடியிருப்புகளுக்கும் குடிநீர் போனது இங்கிருந்துதான். சுரங்கத்துக்கு வேலைக்கு வந்த தமிழர்களில் பெரும்பகுதி வட ஆற்காட்டுக்காரர்கள். அதாவது, பாலாற்றின் கீழ்ப்பக்கத்திலிருந்து கிளம்பி வந்து, அதே பாலாற்றின் மேல்பக்கத்துத் தண்ணீரைக் குடித்தார்கள்.

ஆறு நின்றுபோனால் மீன் எங்கே போகும்?

இதற்கு நல்ல உதாரணம் ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. குயின்ஸ்லாந்தில் தொடங்கி நடுப் பாலைவனத்தை நோக்கிப் போகும் கூப்பர் க்ரீக், பெரும்பாலான மாதங்களில் தொடர்ந்து ஓடாது. தண்ணீர் தனித்தனி மடுக்களாகத் தேங்கி நிற்கும். சில மடுக்கள் எந்த வறட்சியிலும் வற்றாது. இன்னமிங்கா ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் கல்லியமுர்ரா மடு 20 மீட்டருக்கும் மேல் ஆழம். வறட்சியில் மீன்கள் அங்கே உயிர் பிழைத்திருக்கும். வெள்ளம் வந்ததும் பரவும், பெருகும், மறுபடி மடுவுக்குள் ஒடுங்கும். அங்கே தூண்டில் போடப் போகிறவர்கள் முதலில் கேட்பது, எந்த மடுவில் தண்ணீர் நிற்கிறது, அங்கே போகும் பாதை காய்ந்திருக்கிறதா என்பதைத்தான்.

கோலாரில் அந்த மடு வேலையை ஏரிகள் செய்கின்றன. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். கூப்பர் மடுவில் இருக்கும் மீன் தானாக வந்தது. கோலார் ஏரியில் இருக்கும் கட்லா, ரோகு, மிர்கால், சாதா கெண்டை எல்லாம் பெரும்பாலும் யாரோ காசு கொடுத்து குஞ்சு வாங்கி விட்டவை. தானாக இருப்பவை விரால், கெளுத்தி, குறவை, சில்லறைக் கெண்டைகள், அழைக்காமல் வந்து குடியேறிய ஜிலேபி. இந்த வித்தியாசம்தான் உங்கள் பயணத்தின் சட்டப் பிரச்னையும்கூட. அதைப் பிறகு பார்ப்போம்.

தண்ணீர் இருக்கிறதா என்று வீட்டிலிருந்தே பார்ப்பது எப்படி?

இது என் தொழில் சம்பந்தப்பட்ட பகுதி, கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கூகுள் மேப்பின் நீல நிறம் என்பது ஏரியின் எல்லை, இன்றைய தண்ணீர் அல்ல. இன்றைய நிலவரத்துக்கு ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் சென்டினல்-2 படங்களைப் பாருங்கள். சுமார் ஐந்து நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தைப் படம் எடுக்கிறது. கோப்பர்னிகஸ் பிரவுசர் என்ற இணையதளத்தில் இலவசம். பேத்தமங்கலத்தைப் பெரிதாக்கி, கடந்த இரண்டு வாரத்தில் மேகம் குறைவான தேதியைத் தேர்ந்தெடுங்கள். தண்ணீரைத் தனியாகக் காட்டும் என்டிடபிள்யூஐ என்ற அடுக்கும் அதிலேயே இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. ஏரியை ஆகாயத்தாமரை மூடியிருந்தால், அடியில் முழங்கால் அளவோ ஆள் அளவோ தண்ணீர் நின்றாலும் படத்தில் பச்சையாகத்தான் தெரியும். சீமைக் கருவேலம் முளைத்த காய்ந்த ஏரியும் பச்சைதான். இரண்டையும் பிரித்துப் பார்க்க பழைய படங்களோடு ஒப்பிடுங்கள். ஆகாயத்தாமரைத் திட்டு காற்றில் நகரும், வாரத்துக்கு வாரம் வடிவம் மாறும். கருவேலம் இருந்த இடத்திலேயே இருக்கும்.

இரண்டாவது கருவி, ஐரோப்பிய ஆணையத்தின் குளோபல் சர்ஃபேஸ் வாட்டர் எக்ஸ்ப்ளோரர். 1984 முதலான லேண்ட்சாட் படங்களை வைத்து, ஒவ்வொரு இடத்திலும் எத்தனை சதவீத நேரம் தண்ணீர் இருந்தது என்று காட்டுகிறது. அடர் நீலம் என்றால் பெரும்பாலும் தண்ணீர் நிற்கும் இடம். வெளிர் இளஞ்சிவப்பு என்றால் எப்போதாவது நின்ற இடம். நான் கிரிக்கெட் பார்த்த ஏரி இதில் எந்த நிறம் என்று சொல்லத் தேவையில்லை.

நகர்க்கழிவு நீரில் நிரம்பும் ஏரிகள்

2018-க்குப் பிறகு இந்தக் கணக்கில் ஒரு திருப்பம் வந்தது. கோரமங்களா-செல்லகட்டா பள்ளத்தாக்குத் திட்டம், சுருக்கமாக கேசி வேலி. பெங்களூருவின் கழிவுநீரை இரண்டாம் நிலை வரை சுத்திகரித்து, குழாய் வழியாக கோலார் மாவட்ட ஏரிகளுக்கு அனுப்புகிறார்கள். திட்டத்தின் அளவு நாளைக்கு 44 கோடி லிட்டர், பட்டியலில் 126 ஏரிகள். முதலில் தண்ணீர் போய்ச் சேர்ந்தது லட்சுமிசாகரா ஏரிக்கு. அதே ஆண்டு ஏரியில் நுரை பொங்கியது, விவகாரம் கர்நாடக உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் வரை போய், தண்ணீர் நின்று, மறுபடி வந்தது.

ஆயிரம் அடிக்கும் கீழே போர்வெல் போட்டும் தண்ணீர் கிடைக்காத மாவட்டம் இது. அவர்களுக்கு நிலத்தடி நீர் ஏறுவது வாழ்க்கைப் பிரச்னை. ஏசி அறையில் உட்கார்ந்து அந்தத் திட்டத்தை முகம் சுளித்துப் பேச எனக்கு மனசு வரவில்லை. நாம் பெங்களூருவில் ஃபிளஷ் செய்த தண்ணீர்தானே அது?

ஆனால் மீன் பிடிப்பவர் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. இரண்டாம் நிலை சுத்திகரிப்பு திடக்கழிவையும் பெரும்பகுதி கரிமக் கழிவையும் நீக்கும். நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் முழுசாக நீக்காது. கரைந்த உலோகங்களை நீக்குவது அதன் வேலையே இல்லை. சத்து மிகுந்த தண்ணீரில் பாசி பெருகும். பகலில் ஆக்சிஜன் தரும் அதே பாசி, இரவில் ஆக்சிஜனை இழுக்கும். அதனால்தான் பச்சைப் பசேல் ஏரிகளில் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன. மீன் நிறைய இருக்கிறது என்று அதைப் பார்த்து சந்தோஷப்படாதீர்கள், அது மூச்சுத் திணறல். அந்த நேரத்தில் தூண்டிலைத் தொடவும் செய்யாது.

சாப்பிடலாமா? கிருமி கொதியில் சாகும், உலோகம் சாகாது. உலோகம் கல்லீரல், சிறுநீரகம், செவுள் போன்ற உறுப்புகளில் அதிகம் சேரும், சதையில் குறைவு. எப்போதாவது ஒருமுறை, குடலும் செவுளும் நீக்கிய மீனை நான் சாப்பிடுவேன். வாராவாரம் மாட்டேன், குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்க மாட்டேன்.

கேஜிஎஃப் ஊருக்குள்ளேயே இருக்கும் தேங்கல்கள் விஷயத்தில் அந்த 'எப்போதாவது' கூடக் கிடையாது. சுரங்கம் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டது. தங்கத்தைப் பிரித்த பிறகு கொட்டிய மண் 13 மேடுகளாக, சுமார் 3.3 கோடி டன் இன்னும் நிற்கிறது. ஊரில் அதற்குப் பெயரே சயனைட் மலை. சயனைடு வெயிலில் மெல்லச் சிதைந்துவிடும், கன உலோகங்கள் சிதையாது. மழையில் அந்த மண் கரைந்து ஓடைகளுக்கு வருகிறது. மலையடிவாரக் குட்டைகளில் மீன் தெரிந்தாலும் விட்டுவிடுங்கள்.

அந்த மீன் யாருடையது?

கர்நாடகத்தில் உள்நாட்டு மீன்பிடிப்பை 1996-ஆம் ஆண்டுச் சட்டம் ஒழுங்குபடுத்துகிறது. பெரிய ஏரிகளும் நீர்த்தேக்கங்களும் மாநில மீன்வளத் துறையின் பொறுப்பு, சிறியவை கிராமப் பஞ்சாயத்தின் பொறுப்பு. மீனவர் கூட்டுறவுச் சங்கத்துக்கோ டெண்டர் எடுத்தவருக்கோ குத்தகைக்கு விடப்படும். குத்தகைக்காரர் குஞ்சு விட்டு, மாதக்கணக்கில் காவல் காத்து, தண்ணீர் வற்றுவதற்குள் வலை போட்டு எடுத்தால்தான் போட்ட காசு திரும்பும். நீங்கள் பொழுதுபோக்காக இழுக்கும் இரண்டு கிலோ கட்லா, அவர் கணக்கில் ஒரு வரவு.

'பிடித்துவிட்டு மறுபடி விட்டுவிடுவேன்' என்பது இங்கே பதில் ஆகாது. முள் குத்திய மீன் செத்தால் நஷ்டம் அவருக்குத்தான்.

செய்ய வேண்டியது எளிது. முதல் நாளே ஏரிக்கரை டீக்கடையில், "அண்ணா, இந்த ஏரி யார் குத்தகையில இருக்கு?" என்று கேளுங்கள். கேஜிஎஃப் பக்கம் தமிழே போதும், கிராமங்களுக்குள் போனால் கன்னடமும் தெலுங்கும் வேணும். குத்தகைக்காரரைப் பார்த்து, ஒரு தூண்டிலுக்கு இவ்வளவு, பிடிக்கிற மீனுக்கு கிலோ இவ்வளவு என்று பேசிக்கொள்ளுங்கள். குடிநீர் எடுக்கும் ஏரியாக இருந்தால் அதைப் பராமரிக்கும் அலுவலகத்திலும் கேளுங்கள், வேண்டாம் என்றால் அதோடு விடுங்கள். காமசமுத்திரம் பக்கத்துக் காட்டோர ஏரிகள் வேண்டவே வேண்டாம். ஆந்திர எல்லைக் காட்டிலிருந்து யானைகள் வந்து போகும் பகுதி அது.

எந்த மாதம், என்ன சாமான்?

கோலாரில் நல்ல மழை செப்டம்பர், அக்டோபரில். நவம்பரில் வடகிழக்குப் பருவமழையின் மிச்சமும் கிடைக்கும். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடியது நினைவிருக்கும். அந்த வெள்ள நாட்களில் போகாதீர்கள், கலங்கல் நீரில் ஒன்றும் கடிக்காது, கலிங்கு மேல் நின்றால் கால் வழுக்கும். ஜனவரி முதல் மார்ச் நடு வரை நல்ல காலம். தண்ணீர் தெளிந்திருக்கும், பரப்பு சுருங்கத் தொடங்கியிருக்கும், விட்ட குஞ்சும் ஓரளவு வளர்ந்திருக்கும். ஏப்ரலில் குத்தகைக்காரர் வலை போட்டு முடித்திருப்பார், அல்லது கிரிக்கெட் தொடங்கியிருக்கும்.

விலை உயர்ந்த ரீல் தேவையில்லை. இழுத்து நீட்டும் சாதாரணக் கம்பு, நரம்பு, தக்கை, கொஞ்சம் ஈயம், சின்ன முள் போதும். கெண்டைக்கு மைதா உருண்டை அல்லது கடலைப் பிண்ணாக்கும் தவிடும் பிசைந்த உருண்டை. கெளுத்திக்கு மண்புழு. அறுந்த நரம்பைக் கரையில் விட்டுவிடாதீர்கள், நாரையும் கொக்கும் காலில் சிக்கிச் சாகின்றன.

பெரிய மீன் கனவு இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1946-இல் கபினி ஆற்றில் 120 பவுண்டு மஹ்சீர் பிடிபட்டது உண்மை. காவிரியின் அந்தத் திமில் மஹ்சீர் இன்று அழிவின் விளிம்பில் இருக்கும் இனம். வனவிலங்குச் சரணாலயத்துக்குள் அதைத் தேடிப் போவது சட்டச் சிக்கல்.

பாதுகாப்பு விஷயத்தில் இரண்டே சொல்கிறேன். ஏரிக்குள் மண் எடுத்த குழிகள் தண்ணீருக்கு அடியில் தெரியாது. கணுக்கால் ஆழத்தில் நடப்பவர் அடுத்த அடியில் மூழ்கிவிடலாம், அதனால் தண்ணீருக்குள் இறங்காதீர்கள். வயல்களில் பிளாஸ்டிக் விரித்து வெட்டிய பண்ணைக்குட்டைகள் இன்னும் ஆபத்து. சரிவு வழுக்கும், நீச்சல் தெரிந்தவர்கூட ஏறி வர முடியாது. குழந்தைகளோடு போனால் அங்கே நிற்கவே வேண்டாம்.

போவதற்கு மாரிக்குப்பம் வரை ரயில் உண்டு, பங்காருப்பேட்டையில் பிரிந்து கோரமண்டல், ஊரிகம், சாம்பியன் வழியாகப் போகும். பெங்களூருவுக்கு தினமும் வேலைக்கு வரும் கேஜிஎஃப்காரர்கள் நம்பியிருக்கும் ரயில் அது. வார நாளில் தூண்டிலோடு திரும்புவதாக இருந்தால், மாலைக் கூட்டத்துக்கு எதிர்த்திசையில்தான் போவீர்கள், உட்கார இடம் கிடைக்கும். மீனை மட்டும் ஐஸ் போட்டு நன்றாக மூடி வையுங்கள்.