பழைய வீட்டுக் கணினியும் போர் விளையாட்டும்



கித்தா மரம் வெட்டிப் பழகியவர்களுக்கு ஒன்று தெரியும். காலையில் வெட்டிவிட்டு வந்த மரத்தில் மங்கு காலியாக இருந்தால், மரமே செத்துவிட்டது என்று யாரும் முடிவு கட்டுவதில்லை. மங்கு கவிழ்ந்து கிடக்கிறதா என்று முதலில் பார்ப்பார்கள். பாலை மங்குக்கு இறக்கும் தகரம் நழுவியிருக்கிறதா என்று அடுத்துப் பார்ப்பார்கள். அதற்குப் பிறகுதான் வெட்டிய பட்டையைப் பார்ப்பார்கள். பால் வருகிற வழியில் எந்த இடத்தில் தடை ஏற்பட்டது என்று கண்டுபிடிப்பதுதான் அங்கே வேலை.

இன்று இரண்டு பொருள்களைப் பற்றிப் பேசப்போகிறேன். ஒன்று, பழுதுபட்டுக் கிடக்கும் பழைய வீட்டுக் கணினி. மற்றொன்று, அந்தக் கணினியில் பிள்ளைகள் ஆடுகிற போர் விளையாட்டு. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். மங்கு காலியானபோது கேட்ட அதே கேள்விதான் இரண்டுக்கும் திறவுகோல். வழி எங்கே அறுந்தது?

தாசேக் கெலுகோரில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். தோட்டத்தை விட்டு வெளியேறி, தாமான் வீட்டில் குடியிருக்கிறார்கள். லயத்திலிருந்து கொண்டுவந்த பெட்டி ஒன்று அலமாரிக்கு மேல் தூசி படிந்து கிடக்கிறது. அதற்குள் கமடோர் 64 என்ற பழைய கணினி, அதற்குரிய ஒலிநாடாக் கருவி, பெயர் எழுதாத சில ஒலிநாடாக்கள். பள்ளி விடுமுறையில் பேரன் அதைக் கீழே இறக்கி, "தாத்தா, இது வேலை செய்யுமா?" என்று கேட்கிறான். தாத்தா என்ன செய்யலாம்?

கமடோர் 64 அமெரிக்காவில் 1982ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. விசைப்பலகையும் கணினியும் ஒரே பெட்டியாக இருக்கும். தனித் திரை கிடையாது. வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைத்துக்கொள்ள வேண்டும். அதன் நினைவகம் 64 கிலோபைட். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு நிழற்படத்துக்கு இதைப்போல் பல மடங்கு இடம் வேண்டும். ஆனாலும் அந்தச் சிறிய இடத்தை வைத்துக்கொண்டே கணக்குப் போட்டார்கள், பாட்டு அமைத்தார்கள், போர்க்களங்களையும் திரையில் கொண்டுவந்தார்கள்.

இனி, பழுது பார்ப்பதற்கு வருவோம். அவசரப்பட்டுத் திருப்புளியை எடுக்க வேண்டாம். முதலில் பிளக்கையும் பார்க்க வேண்டாம். சுவரிலிருந்து கணினிக்கு மின்சாரம் கொண்டுவரும் அடாப்டர் பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். அமெரிக்காவில் விற்ற அடாப்டர் 120 வோல்ட் மின்சாரத்துக்கு ஏற்றது. நம் வீட்டு மின்சாரம் ஏறத்தாழ அதைப்போல் இரண்டு மடங்கு. தவறிச் செருகினால் ஒரு நொடியில் எல்லாம் முடிந்துவிடும். 230 அல்லது 240 வோல்ட் என்று எழுதியிருந்தால்தான் மேலே தொடரலாம்.

அப்போதும் முழுமையாக நம்பிவிட வேண்டாம். இந்தக் கணினியின் அடாப்டருக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு. அது கணினிக்கு 5 வோல்ட் நேர்மின்னோட்டமும் 9 வோல்ட் மாறுமின்னோட்டமும் தருகிறது. வயதான அடாப்டரில் 5 வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் பகுதி கெட்டுப்போனால், அது மின்சாரத்தை நிறுத்தாது. அளவுக்கு மேல் அனுப்பிவிடும். வயலுக்குத் தண்ணீர் விடுகிற மடை உடைந்தது போலத்தான். மிகுதியான மின்சாரம் உள்ளே பாய்ந்து நினைவகச் சில்லுகளைக் கருக்கிவிடும். ஆகவே, மின்வேலை தெரிந்த ஒருவரிடம் கொடுத்து மீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். 5.25 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அதைக் கணினியில் செருகவே கூடாது. சரியாகக் காட்டினாலும், பழையதை ஒதுக்கிவிட்டுப் புதிதாகச் செய்த அடாப்டரைப் பயன்படுத்துவதே நல்லது.

அடுத்தது, தொலைக்காட்சிக்குப் போகும் கம்பி. மலேசியாவில் பழைய முறைத் தொலைக்காட்சி ஒளிபரப்பு 2019ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. புதிய பெட்டிகள் சிலவற்றில் பழைய ஏரியல் வழியாகக் கணினியின் படம் வராமல் போகலாம். ஒலிக்கும் படத்துக்கும் தனித்தனி முனையுள்ள கம்பியைப் போட்டுப் பாருங்கள்.

இப்போது சுவிட்சைப் போடலாம். நீல நிறத் திரை வந்து, அதில் 38911 என்ற எண் தெரிந்தால் மகிழ்ச்சி அடையுங்கள். நிரல் எழுதுவதற்கு 38911 பைட் இடம் காலியாக இருக்கிறது என்று கணினி தானே எண்ணிச் சொல்கிறது. நினைவகம் பெரும்பாலும் நலம் என்று பொருள். திரை கறுப்பாகவே இருந்தால், அடாப்டரும் கம்பியும் சரியாக இருக்கும் நிலையில், உள்ளே ஏதோ ஒரு சில்லு கெட்டிருக்கிறது என்று கொள்ளலாம். அது அனுபவம் உள்ளவர் செய்ய வேண்டிய வேலை.

வீட்டிலேயே செய்யக்கூடிய வேலைகளும் உண்டு. நம் ஊர் ஈரக்காற்றில் செப்பு முனைகள் களிம்பேறும். மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தால், செத்ததாக நினைத்த கருவி பல சமயம் உயிர்பெற்றுவிடும். பல்லி எச்சமும் எறும்புப் புற்றும் உள்ளே இருந்தால், மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு மெல்லிய தூரிகையால் அகற்றுங்கள். 1980களின் கடைசியிலும் 1990களின் தொடக்கத்திலும் வந்த கணினிகளில் பலகையோடு பற்றவைத்த சிறிய மின்கலம் ஒன்று இருக்கும். அது கசிந்தால் செப்புக் கோடுகளை அரித்துவிடும். கசிவு தெரிந்தால் உடனே எடுத்துவிட வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். பழைய பருத்த தொலைக்காட்சிப் பெட்டியை ஒருபோதும் திறக்காதீர்கள். மின்சாரத்தைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கக்கூடும். இடி மின்னல் நேரத்தில் எல்லாப் பிளக்குகளையும் கழற்றிவிடுங்கள். ஏரியல் கம்பியையும் சேர்த்து.

பழைய கணினி ஒன்றைத் திறந்து பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால், சில்லுகளின் முதுகைப் படித்துப் பாருங்கள். சிலவற்றில் "மலேசியா" என்று அச்சிட்டிருக்கும். பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் 1972ஆம் ஆண்டில் தடையற்ற வர்த்தக வட்டாரம் தொடங்கியது. இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை அதே ஆண்டில் இங்கேதான் அமைத்தது. நம் இளம்பெண்கள் நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, மயிரிழையைவிட மெல்லிய கம்பியைச் சில்லோடு இணைத்தார்கள். உலகத்துக் கணினிகளுக்குள் அவர்களுடைய கைவேலை இருக்கிறது. சில்லின் மேல் நாட்டின் பெயர் இருக்கிறது. அவர்கள் பெயர் இல்லை. இதை மனத்தில் வைத்துக்கொண்டு, விளையாட்டுக்கு வருவோம்.

கணினி சரியாகிவிட்டது. பேரன் போர் விளையாட்டு ஆடுகிறான். "எப்போது பார்த்தாலும் சண்டை" என்று பாட்டி கோபித்துக்கொள்கிறார். கோபத்தைச் சற்றே ஒதுக்கிவைத்துவிட்டு, அவன் என்ன ஆடுகிறான் என்று பார்ப்போம்.

கண்டபடி சுடுகிற விளையாட்டு வேறு, திட்டமிட்டு ஆடுகிற விளையாட்டு வேறு. இரண்டாவது வகை நமக்குப் புதிதல்ல. ஆடுபுலி ஆட்டம் அந்த வகைதான். 3 புலிகள், 15 ஆடுகள். ஆட்டுக்குக் கொல்லும் பலம் இல்லை. ஆனால் ஒன்றுக்கொன்று துணையாக நின்று வழியை அடைத்துவிட்டால் புலி நகர முடியாமல் தோற்றுவிடும். பலம் என்பது பல்லிலும் நகத்திலும் மட்டும் இல்லை, வழியிலும் இருக்கிறது என்பதுதான் அதில் உள்ள பாடம்.

கணினியில் இந்த வகைக்கு முன்னோடியாக இருந்த விளையாட்டுகளில் ஒன்று, கிறிஸ் கிராஃபோர்டு என்பவர் அட்டாரி கணினிக்காக எழுதி 1981ஆம் ஆண்டில் வெளிவந்த "ஈஸ்டர்ன் ஃபிரண்ட்". 1941இல் ஜெர்மன் படை ரஷ்யா மீது படையெடுத்ததுதான் அதன் கதை. ஆடுகிறவர் ஜெர்மன் படையை நடத்த வேண்டும். கணினி ரஷ்யப் படையை நடத்தும். வேகமாக முன்னேறினால் மட்டும் வெற்றி கிடைக்காது. உணவும் வெடிமருந்தும் வருகிற பின்வழியை எதிரி அறுத்துவிட்டால், எவ்வளவு பெரிய படையும் தேய்ந்துபோகும். மழைச் சேறும் குளிர்காலமும் வந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். அடாப்டர் கெட்டால் கணினி நிற்பது போல, வழங்கல் நின்றால் படை நிற்கிறது.

இது ரஷ்யாவுக்கு மட்டும் உரிய கதையல்ல. நம் நாட்டிலும் நடந்தது. 1941 டிசம்பர் 8ஆம் தேதி ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினார்கள். 11ஆம் தேதி பினாங்கு நகரத்தின் மேல் குண்டு வீசினார்கள். 19ஆம் தேதி பினாங்கு அவர்கள் கைக்குப் போய்விட்டது. சைக்கிளில் விரைந்து வந்த அந்தப் படை, ஆங்கிலேயர் விட்டுவிட்டு ஓடிய அரிசியையும் எண்ணெயையும் வண்டிகளையும் எடுத்துக்கொண்டே தெற்கே போயிற்று. 1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் சரணடைந்தபோது, வென்ற படையிடமே வெடிமருந்து குறைவாகத்தான் இருந்தது.

பிறகு அதே வழங்கல் பிரச்சினை ஜப்பானியருக்கு வேறொரு வடிவில் வந்தது. பர்மாவில் இருந்த தங்கள் படைக்குக் கடல் வழியாகப் பொருள் அனுப்புவது ஆபத்தாகிவிட்டது. நேச நாட்டு நீர்மூழ்கிகள் கப்பல்களை மூழ்கடித்தன. ஆகவே சயாமின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர் நீளத்துக்குக் காட்டையும் மலையையும் குடைந்து ரயில் பாதை போட்டார்கள். 1942இல் தொடங்கிய வேலை, 1943 அக்டோபரில் முடிந்தது. தண்டவாளத்துக்காக மலாயாவின் கிழக்குக்கரைப் பாதையையே பெயர்த்துக் கொண்டுபோனார்கள்.

ஆட்களுக்கு என்ன செய்தார்கள்? போரினால் ரப்பர் ஏற்றுமதி நின்று, தோட்டங்களில் வேலையும் அரிசியும் இல்லாமல் போயிருந்த நேரம் அது. மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம், நல்ல கூலி கிடைக்கும் என்று சொல்லி ஆள் சேர்த்தார்கள். வராதவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். இப்படிப் போனவர்களில் பல பதினாயிரம் பேர் நம் தோட்டத்துத் தமிழர்கள். காலரா, மலேரியா, வயிற்றுக்கடுப்பு, பட்டினி, ஆறாத புண் ஆகியவற்றால் அங்கேயே மடிந்தவர்கள் மிகப் பலர். போர்க்கைதிகளாக இருந்து இறந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. நம்மவர்களில் பெரும்பாலோருக்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை.

தாசேக் கெலுகோர் நேயர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேற்குக்கரைத் தோட்டங்களிலிருந்து சயாமுக்கு ஆட்களை ஏற்றிச் சென்ற ரயில்களுக்கு வேறு பாதை கிடையாது. புக்கிட் மெர்தாஜாமைத் தாண்டி, தாசேக் கெலுகோர் வழியாகத்தான் அவை பாடாங் பெசாருக்குப் போயின. இன்று பட்டர்வொர்த்திலிருந்து நீங்கள் மின்ரயிலில் ஏறி உங்கள் ஊரில் இறங்குகிறீர்களே, அது அந்தப் பாதைதான்.

போர் விளையாட்டின் திரையில் இந்த ரயில் பாதை எப்படி இருக்கும்? ஒரு மெல்லிய கோடாக இருக்கும். கோடு அறுந்தால் படை தோற்கும், அறுகாமல் இருந்தால் படை வெல்லும். கோட்டைப் போட்டவர்கள் திரையில் வரமாட்டார்கள். இதற்காக விளையாட்டைத் தடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. திட்டமிடவும் பொறுமையாக இருக்கவும் அது பிள்ளைக்குக் கற்றுத்தருகிறது. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து, "இந்த அரிசியைச் சுமந்து வந்தது யார் தம்பி? இந்தப் பாதையைப் போட்டது யார்?" என்று கேளுங்கள். விளையாட்டு விடை சொல்லாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

சொல்வதற்கு நமக்கு என்ன தெரியும்? ஆர். சண்முகம், அ. ரெங்கசாமி போன்ற மலேசிய எழுத்தாளர்கள் சயாம் ரயில் பாதையை வைத்து நாவல்கள் எழுதியிருக்கிறார்கள். ஆனால் உங்கள் குடும்பத்துக் கதையை அவர்கள் எழுத முடியாது. அன்று பதினெட்டு வயதில் போய்த் திரும்பியவர் இன்று இருந்தால் நூறு வயதைத் தாண்டியிருப்பார். அவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள்தான் இன்று தாத்தாவாகவும் பாட்டியாகவும் இருக்கிறார்கள். அவர்களோடு இந்த வழியும் அறுந்துவிடக் கூடாது.

கடைசியாக, அந்தப் பெட்டியில் இருந்த பெயர் எழுதாத ஒலிநாடாக்களுக்கு வருகிறேன். கமடோர் கணினி விளையாட்டைச் சேமிப்பது சாதாரண ஒலிநாடாவில்தான். வெற்று நாடா என்று எண்ணி, கையில் கிடைத்ததில் பேரன் பதிந்துவிடக் கூடும். அதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் சாதாரண ஒலிநாடாக் கருவியில் போட்டுக் கேளுங்கள். கீச்சென்ற இரைச்சல் வந்தால் அது கணினி நிரல். மனிதக் குரல் வந்தால் நிறுத்தாமல் கேளுங்கள். 1980களில் பல வீடுகளில் பெரியவர்கள் பேசுவதையும் பாடுவதையும் பதிந்து வைத்தார்கள். தாத்தாவின் அப்பா, "சப்பான்காரன் காலத்துல நாங்க..." என்று தொடங்கிப் பேசியிருக்கலாம்.

அப்படி ஒரு நாடா கிடைத்தால் அதன் மேல்விளிம்பில் இருக்கும் சிறிய பிளாஸ்டிக் துண்டுகள் இரண்டையும் ஒடித்துவிடுங்கள். பிறகு யாரும் தவறுதலாக அதன்மேல் பதிய முடியாது. குரல் மங்கலாக இருந்தால், கருவியின் ஒலிமுனையை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துக் காயவிட்டு மறுபடி போடுங்கள். தெளிவானதும் கைப்பேசியைப் பக்கத்தில் வைத்துப் பதிவு செய்துகொள்ளுங்கள். பேசியவர் பெயர், தோட்டத்தின் பெயர், ஆண்டு ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதி நாடாவோடு வையுங்கள்.

நாடா இல்லாத வீடுகளில் பாட்டி இருப்பார். அவரைப் பேசச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். பேரனையே கேள்வி கேட்கச் சொல்லுங்கள்.