பீட்சா பெரிசானா எவ்ளோ பெரிசாகும்?

நேயர் ஒருத்தர் அனுப்பின வாய்ஸ் மெசேஜ்தான் இன்னைக்கு முழு எபிசோடாவே மாறிடுச்சு. 12 இன்ச் பீட்சா ஆர்டர் பண்ணியிருக்காங்க. கடையிலிருந்து போன்: "பெரிய சைஸ் தீர்ந்துடுச்சு, அதே விலைக்கு 8 இன்ச் ரெண்டு தரட்டுமா?" எட்டும் எட்டும் பதினாறு, அப்போ நமக்குத்தானே லாபம்? இதுதான் கேள்வி.

லாபம் இல்லை. 12 இன்ச் பீட்சாவோட பரப்பளவு சுமார் 113 சதுர இன்ச். 8 இன்ச்ல ஒண்ணோட பரப்பளவு 50 சதுர இன்ச்தான். ரெண்டும் சேர்ந்தாலும் 100 சொச்சம். ஆனா ஓரத்தை அளந்தா கதை வேற. பெரிசோட சுற்றளவு 38 இன்ச். சின்னது ரெண்டுக்கும் சேர்த்து 50 இன்ச். அதாவது சீஸ் குறைஞ்சு, ஓரத்து ரொட்டி கூடியிருக்கு. ஓரம் பிடிச்சவங்க தாராளமா சரின்னு சொல்லலாம்.

ஏன் இப்படி? தரையில இருக்கிற டைல்ஸைப் பாருங்க. பக்கத்தை ரெண்டு மடங்காக்கி ஒரு சதுரம் வேணும்னா நாலு டைல் வேணும். மூணு மடங்குன்னா ஒன்பது. ஓரமா சுத்தி வர்ற தூரம் மட்டும் அதே ரெண்டு, மூணு மடங்குதான். "சதுரத்துக்குச் சரி, வட்டத்துக்கு?" நியாயமான சந்தேகம். எந்த வடிவத்தையும், தமிழ்நாட்டு மேப்பைக்கூட, பொடிப்பொடி சதுரங்களால நிரப்பிடலாம். மேப்பை நீளத்துலயும் அகலத்துலயும் ரெண்டு மடங்காக்கினா ஒவ்வொரு பொடிச் சதுரமும் நாலு மடங்காகுது. அப்போ மொத்தமும் நாலு மடங்கு ஆகித்தானே தீரணும்? பை, ஃபார்முலா எதுவும் தேவையில்லை.

ஜெராக்ஸ் கடையில ஏ4-ஐ ஏ3 ஆக்கும்போது மெஷின்ல 141 சதவீதம்னு காட்டும். ஏ3 தாளோட பரப்பளவு ஏ4-ஐப் போல ரெண்டு மடங்கு. 1.41-ஐ 1.41-ஆல பெருக்கிப் பாருங்க, புரிஞ்சிடும்.

கனஅளவுக்கு வந்தா இன்னொரு மடங்கும் சேர்ந்துக்கும். வீட்ல கேக் செஞ்சு விக்கிறவங்களுக்கு இது காசு விஷயம். 6 இன்ச் கேக் 600 ரூபாய், அப்போ 9 இன்ச் 900 ரூபாய்னு போர்டு மாட்டினா கையைச் சுட்டுக்குவீங்க. உயரம் மாறலைன்னாலே மாவு 2.25 மடங்கு. உயரமும் ஒன்றரை மடங்கானா கிட்டத்தட்ட 3.4 மடங்கு. அதே கணக்குல 2,000 ரூபாய் தாண்டவேண்டிய கேக் அது.

சரி, இப்போ எனக்கு இந்த விஷயத்துல ரொம்ப முக்கியமாப் படுற இடத்துக்கு வர்றேன். பிறந்த குழந்தை.

குழந்தை 3 கிலோ, அம்மா 60 கிலோன்னு வெச்சுக்குவோம். எடை 20 மடங்கு. எடை கனஅளவோட போகும். ரெண்டு பேருக்கும் ஒரே உடல்வாகுன்னு எடுத்துக்கிட்டா, நீளத்துல அம்மா சுமார் 2.7 மடங்கு, ஏன்னா 2.7-ஐ மூணு தடவை பெருக்கினா 20 வரும். தோல் பரப்பளவு, அதனால 2.7-ஐ ரெண்டு தடவைதான் பெருக்கணும்: சுமார் 7.4 மடங்கு. பாருங்க, உடம்பு 20 மடங்கு, தோல் ஏழு மடங்கு சொச்சம்தான். திருப்பிச் சொன்னா, ஒரு கிலோ உடம்புக்கு அம்மாவைவிட குழந்தைக்கு 2.7 மடங்கு தோல் இருக்கு. நிஜத்துல குழந்தையோட உடல்வாகு வேற, தலை பெரிசு. அதனால இது உத்தேசக் கணக்குதான். ஆனா திசை சரி.

சூடு உடம்புக்குள்ள உருவாகுது, தோல் வழியா வெளியே போகுது. தோல் அதிகம்னா இழப்பும் அதிகம். அதுவும் பிறந்த உடனே உடம்பு ஈரமா இருக்கும், ஈரம் காயும்போது சூட்டை எடுத்துக்கிட்டுப் போகும். அதனாலதான் உடனே துடைக்கிறாங்க, தலைக்குக் குல்லா போடுறாங்க. பிறந்து 24 மணி நேரம் கழிச்சுக் குளிப்பாட்டினாப் போதும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. பாட்டிகள் கோவிச்சுக்கலாம், கணக்கு டாக்டர் பக்கம்தான்.

குறைமாசக் குழந்தைன்னா இன்னும் மோசம். ஒன்றரை கிலோதான் எடைன்னா, அதே கணக்கு 3.4 மடங்குல வந்து நிக்கும். 1970-களோட கடைசியில கொலம்பியாவோட தலைநகர் பொகோட்டாவுல ஒரு ஆஸ்பத்திரியில இன்குபேட்டர் பத்தலை. எட்கர் ரே சனாப்ரியாங்கிற டாக்டர், குழந்தையை அம்மாவோட வெறும் மார்போட சேர்த்துக் கட்டிவிடும் முறையைக் கொண்டுவந்தார். கங்காரு முறைன்னு நம்ம ஊர் ஆஸ்பத்திரிகள்லயும் இப்போ சொல்றது இதைத்தான். ஒரு கணக்கா யோசிச்சா அழகா இருக்கும்: குழந்தையோட வெளித்தோல்ல ஒரு பெரிய பகுதி இனிமே காத்துல படாது. அந்த இடத்துல 37 டிகிரியில இன்னொரு உடம்பு இருக்கு.

இதே கணக்கு எதிர்ப்பக்கமும் வேலை செய்யும். வெயில்ல பூட்டின கார்ல பெரியவங்களைவிட குழந்தை உடம்பு சீக்கிரமா சூடேறும். ரெண்டு நிமிஷம்தானேன்னு விட்டுட்டுப் போகாதீங்க.

யானைக்கு இதுக்கு நேர்மாறான பிரச்னை. உடம்பு ஏராளம், தோல் பத்தாது. விசிறி மாதிரி அந்தக் காது எதுக்குன்னு இப்போ உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்.