உம்மாவின் குரல் இருந்த கெசட்

உங்கள் வீட்டு அலுமாரியின் மேல்தட்டில், தூசு படிந்தபடி ஒரு பழைய ரேடியோ கெசட் பெட்டி இருக்கிறதா? பழைய இரும்பு வாங்க வருபவரிடம் அதைத் தூக்கிக் கொடுப்பதற்கு முன் ஒரு நிமிடம் இதை வாசியுங்கள் சகோதரிகளே! அப்படியொரு பெட்டியோடு எனக்கு முப்பத்தைந்து வருடங்களுக்கு மேற்பட்ட உறவு உண்டு. கூடவே, இன்றும் தீராத ஒரு மனக்குறையும் உண்டு.

என் ஊர் கந்தளாய். 1986 ஏப்ரல் 20ஆம் திகதி அதிகாலையில் கந்தளாய்க் குளத்தின் கட்டு உடைத்துக்கொண்டபோது எனக்கு ஒன்பது வயது. நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்ட வெள்ளம் அது. எங்கள் வீட்டில் உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் வயல் மணல்மேடாகிப் போனது. வாப்பா கடன் வாங்கினார். கடனை அடைக்கக் கடன் வாங்கினார். கடைசியில் 1988இல் உம்மா வீட்டுப் பணிப்பெண்ணாகக் குவைத்துக்குப் போனார். அந்த நாட்களில் கந்தளாய், கிண்ணியா, மூதூர் என்று எல்லா ஊர்களிலிருந்தும் எத்தனையோ தாய்மார் அப்படித்தான் போனார்கள்.

பேசும் கடிதம்

உம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எங்கள் வீட்டில் தொலைபேசி இல்லை. போன முதல் வருடமே, ஊருக்குத் திரும்பிய ஒரு ராத்தாவிடம் ரேடியோவும் கெசட்டும் சேர்ந்த பெட்டி ஒன்றைக் கொடுத்தனுப்பினார். அதற்குள்ளே ஒரு கெசட். போட்டோம். "மகள், தலைக்கு எண்ணெய் வெச்சியா? மூத்தம்மாக்கு மருந்து எடுத்துக் குடுத்தியா?" என்று உம்மாவின் குரல். மூத்தம்மா பெட்டியைப் பார்த்தே பதில் சொல்லத் தொடங்கிவிட்டார். சிரித்தோம், பிறகு எல்லோரும் அழுதோம்.

எங்கள் வீட்டில் மட்டும் நடந்த கதையல்ல இது. வளைகுடா நாடுகளுக்குப் போன இலங்கையர், கேரளத்தவர், பாகிஸ்தானியர் என்று பலரும் அந்தக் காலத்தில் கெசட்டில் பேசித்தான் கடிதம் அனுப்பினார்கள். பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய அந்தச் சின்னக் கெசட், எழுதத் தெரியாத பெண்களின் கையில் பேனாவாக மாறியது. அறுபது நிமிடக் கெசட்டுக்குள் ஏறத்தாழ தொண்ணூறு மீற்றர் நாடா சுற்றியிருக்கும். அதில் பூசப்பட்ட இரும்பு ஒக்சைட் துகள்களில்தான் குரல் காந்தப் பதிவாக நிற்கிறது. ஒரு பக்கம் முப்பது நிமிடம். உம்மா இரண்டு பக்கமும் நிறையப் பேசுவார். எஜமானி வீட்டார் தூங்கிய பிறகு, குசினியில் இருந்து மெதுவான குரலில் பேசியவை அவை.

கெசட்டின் பின்விளிம்பில் இரண்டு சிறிய பிளாஸ்டிக் துண்டுகள் இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? அவற்றை உடைத்துவிட்டால் அந்தக் கெசட்டில் வேறெதுவும் பதிய முடியாது. பதியும் பட்டன் அமுங்காது. இதை உம்மாவுக்கு எஜமானி வீட்டுப் பிள்ளை ஒன்று சொல்லிக் கொடுத்திருந்தது. அதனால் உம்மா அனுப்பிய ஒவ்வொரு கெசட்டிலும் அந்த இரண்டு துண்டுகளும் உடைக்கப்பட்டிருக்கும். எழுதத் தெரியாத என் உம்மா தன் கடிதங்களுக்கு வைத்த முத்திரை அதுதான்.

நான் செய்த வேலை

அந்த முத்திரையை உடைத்தவள் நான்தான்.

1990இல் எனக்குப் பதின்மூன்று வயது. ரேடியோப் பாட்டு என்றால் உயிர். பாட்டைப் பதிய வெற்றுக் கெசட் வாங்கக் காசில்லை. உடைந்த ஓட்டையின் மேல் ஒரு துண்டு செலோடேப் ஒட்டினால் மறுபடியும் பதியலாம் என்று என் மச்சி ஒருத்தி சொல்லித் தந்தாள். மே மாதம் வந்த உம்மாவின் கெசட்டை நாங்கள் பத்துத் தடவையாவது கேட்டு முடித்திருந்தோம். 'இதுதான் மனப்பாடமாயிற்றே' என்று நினைத்தேன். செலோடேப்பை ஒட்டினேன். முதல் பக்கம் முழுவதும் சினிமாப் பாட்டு. இரண்டாம் பக்கத்தில் பாதிக்கு மேல் போனபோது பற்றரி இறங்கிப் பெட்டி நின்றுவிட்டது.

பதியும்போது பழைய குரல் அடியில் மறைந்து கிடக்கும் என்று அப்போது நினைத்திருந்தேன். அப்படி இல்லை. பதியும் முனைக்கு முன்னால் அழிக்கும் முனை ஒன்று இருக்கிறது. அது முதலில் நாடாவைத் துடைத்துவிட்டுத்தான் வழிவிடும்.

எங்கள் வீட்டுக்கு அப்போது மின்சாரம் வரவில்லை. பெட்டிக்கு ஆறு பெரிய பற்றரி வேண்டும். இறங்கிப்போன பற்றரிகளைத் தகரக் கூரையில் வெயிலில் காய வைப்போம். சூடேறினால் உள்ளேயிருக்கும் இரசாயனம் கொஞ்சம் வேகம் பிடிக்கும். பத்து நிமிடம், கால் மணித்தியாலம் பாடும். பிறகு வெளியிலுள்ள நாகத் தகடு அரித்துப் போய் நீர் கசியும். வடக்கில் பற்றரிக்குத் தடை இருந்த யுத்த காலத்தில், மக்கள் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டார்கள். பற்றரியின் அருமை எங்கள் தலைமுறைக்கு நன்றாகத் தெரியும்.

1990 ஓகஸ்ட்

அந்த வருடம் ஓகஸ்ட் 2ஆம் திகதி ஈராக் இராணுவம் குவைத்துக்குள் புகுந்தது. எங்கள் பகுதியிலும் ஜூன் மாதம் முதல் மீண்டும் யுத்தம். தபால் ஒழுங்காக வரவில்லை. உம்மாவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. வாப்பா எங்கேயோ கடன் சொல்லிப் புதுப் பற்றரி ஆறு வாங்கி வந்தார். செய்திக்கு மட்டும்தான் பெட்டி திறக்க வேண்டும் என்பது கட்டளை. பகலில் இலங்கை வானொலிச் செய்தி, இரவில் சிற்றலையில் பீ.பீ.சி. தமிழோசை. பக்கத்து வீட்டாரும் வந்து திண்ணையில் உட்காருவார்கள். குவைத்தில் பிள்ளையையோ மனைவியையோ விட்ட குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே மூன்று இருந்தன.

ஒரு நாள் செய்தி முடிந்ததும் மூத்தம்மா சொன்னார்: "மகள், கடைசியா வந்த அந்தக் கெசட்டப் போடு. அவள்ட குரல ஒருக்காக் கேக்கணும்."

என் கை நடுங்கியது. வேறு கெசட்டைப் போடலாம் என்று பார்த்தேன். மூத்தம்மா விடவில்லை. "ஆடு குட்டி போட்டத்தக் கேப்பாளே, அதப் போடு" என்றார். போட்டேன். பற்றரி இறங்கும்போது மெதுவாக ஓடிய நாடாவில் பதிந்த பாட்டு, புதுப் பற்றரியில் வேகமாக ஓடிக் கீச்சுக் குரலில் வந்தது. வாப்பா என்னைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பாட்டு திடீரென்று நின்றது. அதன் பிறகு உம்மா பேசினார். மிஞ்சியிருந்தது ஆறு நிமிடம் மட்டும்.

அந்த ஆறு நிமிடத்தை மூத்தம்மா ஒவ்வொரு நாளும் கேட்டார். முழுக் கெசட் இருந்திருந்தால் ஒரு மணித்தியாலம் கேட்டிருப்பார்.

செப்டெம்பர் கடைசியில் உம்மா வந்து சேர்ந்தார். குவைத்திலிருந்து ஈராக் வழியாக ஜோர்தான் எல்லை. அங்கே பாலைவனக் கூடாரங்களில் நாட்கணக்கில் தண்ணீருக்கும் ரொட்டிக்கும் வரிசை. பிறகு அம்மானிலிருந்து விமானம். பல்லாயிரம் இலங்கையர் அப்படித்தான் வந்தார்கள். சில வருடங்கள் கழித்து ஐக்கிய நாடுகள் நட்டஈட்டு ஆணைக்குழு அவர்களுக்கு ஒரு நிலையான தொகையை வழங்கியது. உம்மாவுக்கும் கிடைத்தது. வயல் கடன் அதில்தான் முடிந்தது.

உம்மா வந்த அன்றிரவே காலைப் பிடித்துக்கொண்டு உண்மையைச் சொன்னேன். அவர் சிரித்தார். "குரல் போனா என்ன மகள்? ஆள் வந்துட்டன்தானே!" என்றார்.

ஒரு போனுக்கு இன்னொரு போன் உதவி

காலம் ஓடியது. கலியாணமாகி நானும் இரண்டு பிள்ளைகளுக்குத் தாயானேன். கையில் நொக்கியா 1100 போன். 2003இல் வெளிவந்த இந்தப் போன் உலகத்தில் மிக அதிகமாக விற்பனையான போன்களில் ஒன்று. தலைப்பக்கத்தில் டோர்ச் வெளிச்சம் இருக்கும்.

2006 ஓகஸ்ட் மாதத் தொடக்கத்தில் மூதூரில் சண்டை மூண்டு, பல்லாயிரக்கணக்கான மக்கள் வீடுவாசலை விட்டுக் கந்தளாய்க்கு வந்தார்கள். பாடசாலைகள் நிரம்பி வழிந்தன. அரிசி, பால்மா, பாய் என்று எங்களால் முடிந்ததைக் கொண்டு போனோம். அவர்கள் அடுத்ததாகக் கேட்டது என்ன தெரியுமா? "தங்கச்சி, போன் சார்ஜ் பண்ண இடமிருக்கா?"

எங்கள் வீட்டு விறாந்தையில் ஒரே ப்ளக்கிலிருந்து வயர் இழுத்துப் போன்களை வரிசையாக வைத்தோம். ஒவ்வொரு போனுக்கும் ஒவ்வொரு முனை, ஒரு சார்ஜர் மற்றதற்குச் சேராது. சேலைத் தலைப்பில் போனை முடிந்து வைத்திருந்த ஒரு தாயை மறக்க முடியாது. நடந்து வந்த வழியில் பன்னிரண்டு வயது மகனைத் தவறவிட்டிருந்தார். கிண்ணியாவிலுள்ள தம்பியின் இலக்கம் போனுக்குள் இருக்கிறது, போனோ செத்துக் கிடக்கிறது. சிம்மைக் கழற்றி என் போனில் போட்டுப் பார்த்தேன். இலக்கங்கள் சிம்மில் இல்லை, போனின் நினைவகத்தில் இருந்தன. அந்தப் போனுக்குப் பொருந்தும் சார்ஜரும் இல்லை. அப்போதுதான் பின்மூடியைத் திறந்து பார்த்தேன். என் போனில் உள்ள அதே பற்றரி! கழற்றிப் போட்டேன். திரை வெளிச்சமானது. தம்பியின் பெயரைத் தேடி எடுத்தோம். மகன் இன்னொரு குடும்பத்தோடு போய்ச் சேர்ந்து, மாமா வீட்டில் பத்திரமாக இருந்தான்.

அன்றிரவு நான் செய்த முதல் வேலை, முக்கியமான பத்து இலக்கங்களை ஒரு தாளில் எழுதிப் பிள்ளைகளின் புத்தகப் பைக்குள் வைத்ததுதான். இன்று பெரும்பாலான போன்களில் பற்றரியை நாமே கழற்ற முடியாது. சார்ஜர் முனை மட்டும் ஒரே மாதிரியாகி வருகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 இறுதியிலிருந்து போன்களுக்கு ஒரே வகை முனையைச் சட்டமாக்கியிருக்கிறது. ஆனால் தாளில் எழுதிய இலக்கத்துக்குச் சார்ஜ் தேவையில்லை, அல்லவா?

மிஞ்சிய ஆறு நிமிடம்

உம்மா 2019இல் காலமானார். கடைசி வருடங்களில் அவருக்குப் போனில் குரல்செய்தி அனுப்பப் பழக்கியிருந்தோம். "மகள், மீன் ஆணம் வெச்சிருக்கன், வாங்க" என்று அனுப்புவார். கேட்டுவிட்டு விட்டுவிடுவேன். போன் பழுதாகிப் புதுப் போன் வாங்கியபோது, பழையதில் இருந்தவை எல்லாம் போய்விட்டன. பதின்மூன்று வயதில் செய்ததை நாற்பது வயது தாண்டியும் செய்திருக்கிறேன்!

மூத்தம்மாவின் பெட்டகத்தைக் கிளறியபோது அந்தக் கெசட் கிடைத்தது. மற்றவை பூஞ்சணம் பிடித்துப் போயிருந்தன. பெட்டியின் உள்ளே இறப்பர் பட்டி உருகிக் களியாகியிருந்தது. திருகோணமலையில் பழைய ரேடியோ திருத்தும் ஒருவர் பட்டியை மாற்றி, முனையைச் சுத்தம் செய்து தந்தார். பெட்டியின் காதொலிப்பான் துளையிலிருந்து கணினிக்கு ஒரு வயரைத் தொடுத்து, மகன் அதைப் பதிவு செய்தான். இப்போது அந்த ஆறு நிமிடம் எங்கள் குடும்பத்தில் ஏழு பேரிடம் இருக்கிறது.

அனுபவத்தில் நான் கற்றுக்கொண்டவற்றை உங்களுக்கும் சொல்கிறேன்:

• பழைய கெசட்டில் குரல் இருந்தால் முதலில் பின்விளிம்புத் துண்டுகளை உடைத்துவிடுங்கள். வெயில், ஈரம், ஒலிபெருக்கியின் காந்தம் மூன்றும் அதற்கு எதிரி.

• நாடாவில் வெள்ளைப் பூஞ்சணம் தெரிந்தால் பெட்டியில் போட வேண்டாம். நாடாவும் கெடும், பெட்டியும் கெடும். தெரிந்தவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்யுங்கள்.

• பாவிக்காத ரேடியோ, டோர்ச், ரிமோட் எல்லாவற்றிலும் பற்றரியைக் கழற்றி வையுங்கள். கசிந்தால் பொருள் பழுது. இறங்கிய பற்றரியை அடுப்பில் எரிக்கவோ கிணற்றடியில் வீசவோ வேண்டாம்.

• போனிலுள்ள குரலையும் படத்தையும் இன்னோர் இடத்திலும் பிரதி எடுத்து வையுங்கள். ஒரே இடத்தில் இருக்கும் பொருள் பாதி தொலைந்த பொருள்.

• அவசர இலக்கங்களைத் தாளில் எழுதுங்கள். இரண்டையாவது மனப்பாடம் செய்யுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் உம்மாவோ அம்மாவோ இன்று உங்களோடு இருந்தால், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போனை மடியில் வைத்துப் பதியும் பட்டனை அழுத்திவிட்டு, சும்மா கதை கேளுங்கள். பெரிய விஷயம் ஒன்றும் வேண்டாம். எனக்கு மிஞ்சிய ஆறு நிமிடத்தில் என்ன இருக்கிறது என்று நினைக்கிறீர்கள்? ஆடு எத்தனை குட்டி போட்டது, கூரைக்குக் கிடுகு போட்டாச்சா, மகள் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகிறாளா. அவ்வளவுதான். கடைசியில், "சரி மகள், கெசட் முடியப் போகுது" என்கிறார். அதற்குப் பிறகு பட்டன் அமுக்கும் சத்தம்.