மன்னர் முகம் போனது, சிங்கத்தூண் வந்தது

சுதந்திரம் வந்த பிறகும் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் முகம் பதித்த நோட்டுகள்தான் சில காலம் இந்தியாவில் புழங்கின. புதிய நாட்டின் முதல் நோட்டு 1949-இல் ஒரு ரூபாயாக வெளிவந்தது. மன்னர் முகம் இருந்த நீர்க்குறிச் சாளரத்தில் சாரநாத் அசோகத் தூணின் சிங்கங்கள் இடம்பிடித்தன. முதலில் காந்தியின் உருவத்தை வைக்கத்தான் எண்ணம்; அதற்கான வரைவுகளும் தயாராகியிருந்தன. கடைசியில் சிங்கத்தூணே தேர்வானது. காந்தி மறைந்து அதிக காலம் ஆகாத நேரத்தில் இது அவருக்குச் செய்த குறையாகச் சிலருக்குப் படலாம். என் கணிப்பில் அந்தத் தேர்வு மிகச் சரியானது. பணத்தாள் அரசு தரும் உறுதி. மன்னர் முகம் இருந்தவரை அந்த உறுதி ஒரு வம்சத்தின் பெயரால் நின்றது. அங்கே இன்னொருவரை, அவர் எத்தனை உயர்ந்தவரானாலும், அமர்த்தியிருந்தால் ஆள்தான் மாறியிருப்பார், வழக்கம் மாறியிருக்காது.

அசோகரும் பேரரசர்தானே என்று கேட்கலாம். தூணில் அவர் உருவம் இல்லை. புத்தர் முதன்முதலில் அறம் உரைத்த இடத்தில் நின்ற தூண் அது. சிங்கங்களுக்குக் கீழே உள்ள சக்கரம் தேசியக் கொடியிலும் இருக்கிறது; 1950 ஜனவரி 26 அன்று அதே சிங்கத்தலை அரசின் சின்னமாகவும் ஆனது. சின்னத்தை மாற்றியவர்கள் மற்ற அமைப்பைப் பெரும்பாலும் பழையபடியே விட்டது கற்பனை வறட்சி என்பது அடுத்த குறை. 1951 கணக்கெடுப்பின்படி எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு ஏறக்குறைய 18 பேர்தான். மற்றவர்கள் நோட்டை அளவாலும் நிறத்தாலும் அடையாளம் கண்டார்கள். அவற்றையும் மாற்றி, பிரிவினையில் வீடும் நிலமும் இழந்து வந்தவர்களின் மடியிலிருந்த பணத்தின் மீதும் சந்தேகம் வரவிடுவது கொடுமை. பாகிஸ்தானும் 1948-இல் இந்திய நோட்டுகளின் மேல் தன் அரசின் பெயரை அச்சிட்டுத்தான் தொடங்கியது.

துணிவு பின்னால் வந்தது. 1954-இல் ஆயிரம் ரூபாய் நோட்டில் தஞ்சைப் பெரிய கோயில் ஏறியது. பின்னர் இரண்டு ரூபாயில் ஆரியபட்டா செயற்கைக்கோள். காந்தி 1969 நூற்றாண்டு நோட்டுகளிலும், 1987-இல் 500 ரூபாயிலும், 1996 முதல் முழு வரிசையிலும் வந்தார். அப்படியானால் 1949-இன் முடிவு தோற்றுவிட்டதா? இல்லை. அதற்குள் குடியரசு பல தேர்தல்களைக் கண்டு தன் காலில் நின்றுவிட்டது. எந்த முகமும் அதற்கு முட்டுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. மனித முகத்தில் சிறு பிசகு இருந்தாலும் கண் பிடித்துவிடும் என்பதால் கள்ளநோட்டைத் தடுக்கவும் அது உதவியது. சிங்கத்தூணும் நோட்டை விட்டுப் போகவில்லை. இன்றைய 500 ரூபாயிலும் காந்தியோடு அதுவும் இருக்கிறது.