விழுந்தவரைச் சுற்றி நிற்பவர்கள்

அந்தக் காணொளி உங்கள் கைபேசிக்கும் வந்திருக்கலாம். 2022 ஜூலை 24, ஞாயிற்றுக்கிழமை இரவு. பண்ருட்டியை அடுத்த மானடிக்குப்பத்தில் கபடிப் போட்டி. பாடிப் போன கல்லூரி மாணவர் ஒருவர் பிடிபட்டுக் கீழே விழுகிறார். பிடிக்க வந்தவரின் முழங்கால் அவர் மார்பில் இறங்குகிறது. எழுந்திருக்கப் பார்க்கிறார், முடியாமல் அப்படியே சரிகிறார். பண்ருட்டி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது உயிர் இல்லை. அடுத்த ஓரிரு நாளில் அவருடைய கடைசி நொடிகள் ஊர் ஊராக வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருந்தன.

புதுச்சேரிக்காரர்களுக்கு இது வேற்றூர்ச் செய்தி இல்லை. பாகூர், நெட்டப்பாக்கம் பக்கம் புதுச்சேரி எங்கே முடிகிறது, கடலூர் மாவட்டம் எங்கே தொடங்குகிறது என்பது உள்ளூர்க்காரர்களுக்கே சில இடங்களில் குழப்பம். கபடி அணிகளுக்கு அந்த எல்லை ஒரு பொருட்டே அல்ல. பொங்கல், திருவிழா, தலைவர் பிறந்தநாள் என்று எங்கே நோட்டீஸ் ஒட்டினாலும் இரு பக்கத்துப் பிள்ளைகளும் போய் ஆடுவார்கள். 2014இல் புரோ கபடி லீக் வந்த பிறகு இந்த ஆட்டத்தில் பணம் இருக்கிறது, தொலைக்காட்சி இருக்கிறது, ரயில்வேயிலோ காவல் துறையிலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கையும் கூடியிருக்கிறது. அந்த நம்பிக்கையோடுதான் பிள்ளைகள் இரவு வெளிச்சத்தில் மார்பைக் கொடுத்து மோதுகிறார்கள்.

ஒரு காணொளியைப் பார்த்து மரணத்தின் காரணத்தைச் சொல்லிவிடக் கூடாது. அதைச் சொல்ல வேண்டியது உடற்கூறாய்வு. ஆனால் நோய்நொடி எதுவும் இல்லாத ஓர் இளைஞரின் இதயம் மார்பில் விழும் ஒரே அடியில் தாளம் தப்பிப் போகலாம் என்பது மருத்துவம் நன்கறிந்த உண்மை. அதற்குக் ‘கமோஷியோ கார்டிஸ்’ என்று பெயர். எலும்பு முறியாது, இதயம் கிழியாது, மார்பில் பெரிதாகக் காயம்கூடத் தெரியாது. கெட்டுப்போவது இதயத்தின் மின்னோட்டம் மட்டும்தான்.

ஒவ்வொரு துடிப்பும் ஒரு மின் தூண்டலில் தொடங்குகிறது. இதயத் தசையின் கோடிக்கணக்கான செல்கள் அந்தத் தூண்டலுக்கு ஒன்றாகச் சுருங்கி, பிறகு அடுத்த துடிப்புக்குத் தயாராகின்றன. தயாராகும் அந்த இடைவேளையில் சில செல்கள் முந்தியும் சில பிந்தியும் இருக்கும். ஈசிஜி தாளில் அது ‘டி அலை’யாக மேலேறும் இடம். சரியாக அந்தக் கணத்தில், சரியாக இதயத்துக்கு மேலே அடி விழுந்தால், செல் சவ்வுகள் இழுபட்டு, தப்பான நேரத்தில் மின்னோட்டம் கிளம்பிவிடுகிறது. அமெரிக்காவில் மார்க் லிங்க் என்ற இதய மருத்துவரின் குழு, மயக்கமருந்து கொடுத்த பன்றிக்குட்டிகளின் மார்பில் பேஸ்பால் பந்தின் அளவும் எடையும் கொண்ட பொருளை மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டு இதைச் சோதித்தது. டி அலையின் உச்சிக்கு 15 முதல் 30 மில்லிவினாடிக்கு முன்னால் விழுந்த 10 அடிகளில் 9 அடிகள் இதயத்தைத் தாளம் தப்ப வைத்தன. முடிவுகள் 1998இல் வெளிவந்தன.

கபடியில் பாடிப் போகிறவரின் இதயம் நிமிடத்துக்கு 170 தடவை துடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு துடிப்புக்குக் கிடைப்பது சுமார் 350 மில்லிவினாடி. அதற்குள் ஆபத்தான பொழுது ஏறத்தாழ 15 மில்லிவினாடி. எத்தனையோ முழங்கால்களும் முழங்கைகளும் மார்பில் விழுந்தும் பெரும்பாலானோர் மண்ணைத் தட்டிவிட்டு எழுந்து போவதற்கு இதுவே காரணம். அடியின் பலத்தைவிட அது விழும் இடமும் நேரமும் இங்கே பெரிது. இளைஞர்களின் மார்புக் கூடு இளக்கமானது. அடி நேராக உள்ளே இறங்கும். கமோஷியோ கார்டிஸால் பாதிக்கப்படுகிறவர்களில் பெரும்பாலோர் பதின்பருவத்து ஆண்பிள்ளைகளாக இருப்பதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள்.

தாளம் தப்பியபின் என்ன ஆகிறது? வில்லியனூர்த் தேரோட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்வது எளிது. வடம் பிடித்தவர்கள் எல்லாரும் ஒரே குரலுக்கு ஒரே மூச்சில் இழுத்தால்தான் தேர் நகரும். ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால், அத்தனை பேர் பலமும் செலவாகும், தேர் நின்ற இடத்திலேயே நிற்கும். இதயத்தின் கீழறைகளில் நடப்பதும் அதுதான். தசை துடித்துக்கொண்டுதான் இருக்கிறது, ரத்தம் ஒரு சொட்டும் நகர்வதில்லை. மின் அதிர்ச்சி கொடுக்கும் கருவி இதயத்தை ‘ஓட வைப்பது’ இல்லை. எல்லாரையும் ஒரு கணம் வடத்தை விட்டுவிடச் சொல்கிறது. அதன்பின் இதயத்தின் சொந்தத் தாளக்காரர் மறுபடி குரல் கொடுக்க வழி கிடைக்கிறது.

அதற்கு நேரம் கொஞ்சம்தான் இருக்கிறது. மார்பை அழுத்தாமல் விட்டால், மின் அதிர்ச்சி தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைந்துகொண்டே போகும். பத்து நிமிடத்தில் ஏறக்குறைய எதுவும் மிஞ்சாது. 108 எவ்வளவு விரைந்து வந்தாலும் கிராமத்து மைதானத்துக்கு வந்துசேரும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். ஆகவே அந்த நிமிடங்கள் சுற்றி நிற்பவர்களுடையவை.

சுற்றி நிற்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்பது கிட்டத்தில் பார்த்தவர்களுக்குத் தெரியும். இதயம் நின்ற முதல் நொடிகளில் கை கால் வெட்டி இழுக்கலாம். உடனே யாரோ ஒருவர் வலிப்பு என்று சொல்வார். சாவிக் கொத்து கைக்குள் திணிக்கப்படும். முகத்தில் தண்ணீர் அடிப்பார்கள். வாயில் சோடாவை ஊற்றப் பார்ப்பார்கள். தொண்டையிலிருந்து விட்டுவிட்டு ஒரு கேவல் வரும்; மூச்சு இருக்கிறது என்று ஆறுதல் அடைவார்கள். அது மூச்சு இல்லை. ரத்தம் கிடைக்காத மூளைத்தண்டின் கடைசி முயற்சி. ஆட்டக்காரர் பேச்சுமூச்சில்லாமல் கிடந்து, மூச்சு இயல்பாக இல்லையென்றால் இதயம் நின்றுவிட்டது என்றே வைத்துக்கொண்டு நடு மார்பில் அழுத்தத் தொடங்க வேண்டும். 5 முதல் 6 செண்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. விலா எலும்பு உடையுமோ என்று பயப்பட வேண்டாம். உடைந்த விலா சேர்ந்துகொள்ளும்.

இதையெல்லாம் செய்யக் கைகள் வேண்டும். அந்த நேரத்தில் பல கைகளில் கைபேசி இருக்கிறது.

2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில் டென்மார்க்கின் கிறிஸ்டியன் எரிக்சன் ஐரோப்பியக் கோப்பைக் கால்பந்து ஆட்டத்தின் நடுவே, யாரும் மோதாமலே விழுந்தார். உலகமே பார்த்துக்கொண்டிருந்தது. அணித்தலைவர் சிமோன் கியாரும் சக ஆட்டக்காரர்களும் செய்த காரியத்தை நான் எப்போதும் மரியாதையோடு நினைப்பேன். அவரைச் சுற்றி வட்டமாக, முதுகை உள்பக்கம் காட்டி நின்றார்கள். அழுதுகொண்டே நின்றார்கள். கேமராக்களுக்கு அவர் உடல் தெரியாமல் மறைத்தார்கள். உள்ளே மருத்துவர்கள் வேலை செய்தார்கள். ஒரே மின் அதிர்ச்சியில் அவர் இதயம் திரும்பியது. இதயத்தில் கருவி பொருத்தியவர்கள் இத்தாலிய லீக்கில் ஆட முடியாது என்பதால் இன்டர் மிலானை விட்டு இங்கிலாந்து போனார். 2024 ஐரோப்பியக் கோப்பையில் ஸ்லோவேனியாவுக்கு எதிராக அவரே கோல் போட்டார்.

அந்த வட்டம் அவர் உடலைக் காத்தது. வதந்தியிலிருந்து காக்க யாராலும் முடியவில்லை. கொரோனா தடுப்பூசிதான் காரணம் என்று சில மணி நேரத்தில் பரப்பிவிட்டார்கள். அவர் தடுப்பூசியே போட்டுக்கொள்ளவில்லை என்று அவருடைய கிளப் அதிகாரி மறுக்க வேண்டியிருந்தது. 2023 ஜனவரி 2 அன்று அமெரிக்கக் கால்பந்தில் டாமர் ஹாம்லின் மார்பில் அடிபட்டு விழுந்தபோதும் அதே கதை. அவருக்கு நேர்ந்தது கமோஷியோ கார்டிஸ். களத்திலேயே உதவியாளர் ஒருவர் மார்பை அழுத்த, அவர் பிழைத்து அதே ஆண்டில் ஆட்டத்துக்கும் திரும்பினார்.

மோதிய இன்னொருவரை நாம் மறந்துவிடுகிறோம். ஹாம்லின் மடக்கிப் பிடித்த டீ ஹிக்கின்ஸ்மீது அன்றே பழி போட்டார்கள். ஹாம்லின் குடும்பமே அவருக்கு ஆதரவாகப் பேசியது. 2004 டிசம்பர் 5 அன்று பெங்களூரில் நடந்த ஃபெடரேஷன் கோப்பை இறுதியாட்டத்தில் டெம்போ அணிக்காக இரண்டாவது கோலைப் போடும்போது மோகன் பகான் கோல்கீப்பர் சுப்ரதா பாலோடு மோதி விழுந்த பிரேசில்காரர் கிறிஸ்டியானோ ஜூனியர் இறந்துபோனார். அன்றைக்கு சுப்ரதா பால் பதின்பருவம் தாண்டாதவர். பத்திரிகைகளும் ரசிகர்களும் அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார்கள். பிற்பாடு இந்தியாவின் முதல்நிலை கோல்கீப்பராகி 2011 ஆசியக் கோப்பையில் எல்லாரையும் வியக்க வைத்த பிறகும், அவரைப் பற்றிய கட்டுரைகளில் அந்த மோதல் வராமல் இருப்பதில்லை. பிடிக்கும் ஆட்டத்தில் பிடித்தவர் கொலைகாரர் இல்லை. மானடிக்குப்பத்துக் காணொளியில் முழங்கால் தெரியும் அந்தப் பையனையும் நாம்தான் மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தோம். அவனுக்கும் வீடு, தெரு, தூக்கம் எல்லாம் இருக்கிறது.

2012 மார்ச் மாதத்தில் ஒரே வாரத்தில் இரண்டு பேர் விழுந்தார்கள். 17ஆம் தேதி லண்டனில் போல்டன் அணியின் ஃபாப்ரிஸ் முவாம்பா. பார்வையாளர் வரிசையிலிருந்த ஆண்ட்ரூ டீனர் என்ற இதய மருத்துவர் களத்துக்குள் ஓடிவந்து சேர்ந்துகொண்டார். 15 தடவை மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். 78 நிமிடம் இதயம் தானாகத் துடிக்கவில்லை, ஆனால் அத்தனை நேரமும் யாரோ ஒருவர் மார்பை அழுத்திக்கொண்டே இருந்தார்கள். முவாம்பா பிழைத்தார். நான்கு நாள் கழித்து பெங்களூரில், உள்ளூர் லீக் ஆட்டம் ஒன்றில் பெங்களூரு மார்ஸ் அணி இளைஞர் விழுந்தார். மைதானத்தில் ஆம்புலன்ஸ் இல்லை. ஆட்டோவில் வைத்துக் கொண்டுபோனார்கள். அவர் பிழைக்கவில்லை. முதலாமவரின் இதயம் இரண்டாமவருடையதைவிட வலுவானது என்று யாரும் சொல்லப் போவதில்லை.

புதுச்சேரிக்குப் பழைய உறவான பிரான்ஸ் இதில் என்ன செய்தது என்று பார்க்கலாம். 2003 ஜூனில் லியோன் நகரில் கேமரூனின் மார்க் விவியன் ஃபோ, மைதானத்தின் நடு வட்டத்தில், பக்கத்தில் யாருமே இல்லாதபோது சரிந்து இறந்தார். பிறவியிலேயே தடித்த இதயத் தசை என்று உடற்கூறாய்வு சொன்னது. 2007இல், மருத்துவம் படிக்காத எவரும் தானியங்கி மின் அதிர்ச்சிக் கருவியைப் பயன்படுத்தலாம் என்று அந்நாடு ஆணை போட்டது. 2020 தொடங்கி, பொதுமக்கள் கூடும் பெரிய கட்டடங்களில் அந்தக் கருவி கட்டாயமாயிற்று. படிப்படியாக உள்விளையாட்டு அரங்குகளுக்கும் வந்தது. அதே 2020இல், விழுந்தவரைக் காப்பாற்ற முன்வரும் சாதாரணக் குடிமகனுக்குச் சட்டப் பாதுகாப்பும் கிடைத்தது. நம் நாட்டில் 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் சாலை விபத்தில் உதவுகிறவருக்கு அந்தப் பாதுகாப்பைத் தருகிறது. விளையாட்டு மைதானத்தையும் அதில் சேர்க்க வேண்டும் என்று நம் பிரதிநிதிகளிடம் கேட்பது நியாயமான கோரிக்கை.

அந்தக் கருவியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பெரிய டிபன் பாக்ஸ் அளவுதான். மூடியைத் திறந்தால் பேசும். இரண்டு ஒட்டுப் பட்டைகளை எங்கே ஒட்டுவது என்று படம் போட்டிருக்கும். இதயம் தாளம் தப்பியிருக்கிறதா என்று அதுவே பார்க்கும். தேவையில்லாதவருக்கு அதிர்ச்சி கொடுக்காது. விலை சுமார் ஒரு லட்ச ரூபாய். இத்தகைய கருவிகளும் மார்பழுத்தப் பயிற்சியும் பரவியதால் அமெரிக்கப் பதிவேட்டில் நிலைமை மாறியது. கமோஷியோ கார்டிஸில் 1993 வரை பத்தில் ஒருவர் பிழைத்தார். 2006 முதல் 2012 வரை பாதிக்கு மேல் பிழைத்தார்கள்.

புதுச்சேரிப் பகுதியில் கொம்யூன் பஞ்சாயத்துகள் ஐந்து: அரியாங்குப்பம், பாகூர், மண்ணாடிப்பட்டு, நெட்டப்பாக்கம், வில்லியனூர். ஐந்து கருவி வாங்கி ஆளுக்கு ஒன்று வைத்துக்கொள்ளலாம். போட்டி நடத்த அனுமதி கேட்கும்போது கருவியையும் கையெழுத்துப் போட்டு வாங்கிப்போகச் சொல்லலாம், ஆட்டம் முடிந்ததும் திருப்பிக் கொடுக்கச் சொல்லலாம். ஜிப்மர் கோரிமேட்டில் இருக்கிறது, அரசு மருத்துவக் கல்லூரி கதிர்காமத்தில் இருக்கிறது. உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் கபடி நடுவர்களுக்கும் மார்பழுத்தப் பயிற்சி தர அரை நாள் போதும்.

பயிற்சிக்கு இன்னொருவரையும் அழைக்க வேண்டும். மைக் பிடித்து வர்ணனை சொல்பவரை. மைதானத்தில் அத்தனை பேர் காதுக்கும் எட்டுவது அவர் குரல் ஒன்றுதான். ஆட்டக்காரர் விழுந்து அசையாமல் கிடந்தால் அவர் சொல்ல வேண்டியவை: கைபேசியை உள்ளே வையுங்கள், இரண்டு அணியும் முதுகைக் காட்டி வட்டமாக நில்லுங்கள், ஒருவர் 108க்குப் பேசுங்கள், ஒருவர் கருவியை எடுத்து வாருங்கள். பிறகு, மார்பை அழுத்துகிறவருக்காக அவர் மைக்கில் எண்ண வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று என்று, நொடிக்கு இரண்டு எண் வீதம், ஆம்புலன்ஸ் வரும்வரை.